ஏழாவது கேபிள்

பெயர் எழுதாத கேபிளைக் கண்டால் நான் விசாரித்துக்கொண்டு நிற்க மாட்டேன். பிடுங்கிவிட்டுக் காத்திருப்பேன். யாருடையதோ அவர்கள் கத்துவார்கள். பல்கலைக்கழகத்தில் கத்துவதற்கு ஆட்களுக்கா பஞ்சம்? வைஃபை இரண்டு நிமிடம் நின்றால் போதும், எதிரே வந்தால்கூட வணக்கம் சொல்லாத பேராசிரியர் என் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார்.

பதினோரு வருடமாக இந்த வளாகத்தின் நெட்வொர்க் என் பொறுப்பு. இந்த வருடம் பழைய கட்டடங்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் புதுப்பித்து வந்தேன். உயிரியல் கட்டடத்தின் முறை வந்தது. மாடிப்படிக்குக் கீழே, விளக்குமாறும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கும் அறையில் கட்டடத்து நெட்வொர்க் கேபிள்களையெல்லாம் இணைக்கும் ஒரு பழைய ஸ்விட்ச் பெட்டி இருந்தது. அதன்மேல் ஒரு விரற்கடை தூசி. அதிலிருந்து போன கேபிள்களில் ஏழுக்குப் பெயரே இல்லை. ஏழையும் பிடுங்கினேன். மாலைக்குள் ஆறு பேர் கத்திவிட்டார்கள். துறைத்தலைவரின் பிரிண்டர்தான் முதல், சரியாக நான்கு நிமிடம். ஏழாவது, ஒரு நீலக் கேபிள், அதற்கு மட்டும் யாரும் வரவில்லை. வழக்கம்போல மூன்று நாள் பார்த்தேன். பிறகு நோட்டில் 'கேட்க நாதியில்லை' என்று எழுதி, புதிய ஸ்விட்சில் அதற்கு இடம் தராமல் கதையை முடித்தேன். வேலை சுத்தம் என்று எங்கள் பிரிவின் இயக்குநர் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில்தான் என் நாத்தனார் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், என் ஸ்கூட்டரில்தான் வருவாள். வாசலில் ஆரம்பிக்கும் பேச்சு வளாகத்து கேட் வரை ஓயாது. வாய் வலிக்காதா என்று கேட்டால், "ஏன், காது வலிக்குதா அண்ணி?" என்பாள். நான்கு வருடமாக ஆற்று மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து, சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டு ஃப்ரீசரில் சேர்த்து வைத்திருந்தாள். இன்னும் ஆறு மாதத்தில் முனைவர் பட்டம்.

இந்தத் திங்கட்கிழமை காலை, ஸ்கூட்டரிலிருந்து இறங்கி மாடிக்குப் போனவள் பத்து நிமிடத்தில் போன் செய்தாள்.

"அண்ணி, கொஞ்சம் மேல வாங்க."

குரலே சரியில்லை. ஓடினேன். ஃப்ரீசர் சனிக்கிழமையே நின்றுபோயிருந்தது. தரையெல்லாம் தண்ணீர். அவள் அதிலேயே உட்கார்ந்து குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடத் தேறவில்லை.

அவளுடைய பேராசிரியருக்கு முன்னால் ஆய்வக உதவியாளர் சுவரோரமாகக் கைகட்டி நின்றார். "சூடு ஏறினா என் போனுக்கு மெசேஜ் வரும் சார். சத்தியமா வரல."

பேராசிரியர் நம்பவில்லை. "போனைத் தூக்கி எங்கயாவது போட்டிருப்பீங்க. சாயங்காலத்துக்குள்ள விளக்கம் எழுதிக் குடுங்க."

ஃப்ரீசருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அங்கே அலாரப் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு நீலக் கேபிள் சுவருக்குள் போனது. கீழே வந்து நோட்டில் அந்த ஏழாவது கேபிளின் பக்கத்தைப் புரட்டினேன்.

விஷயம் வேறு யாருக்கும் தெரியாது. நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்தால் முடிந்தது. மத்தியானம் வரை கிழிக்கத்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் கேன்டீனில் அந்த உதவியாளர் ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு, செய்யாத தப்புக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நோட்டைக் கொண்டுபோய் இயக்குநரின் மேசையில் வைத்துவிட்டு மாடி ஏறினேன்.

அவள் இன்னும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கேபிளை நான்தான் புடுங்கினேன். மூணு நாள் பார்த்தேன், யாரும் கத்தல. அதான்..."

துணியைக் கீழே வைத்தாள்.

"ஃப்ரீசர் கெட்டாத்தானே அண்ணி அது கத்தும்."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடியும் துணியை எடுத்துக்கொண்டாள்.

இயக்குநர் கத்தினார். பேராசிரியர் அதைவிடக் கத்தினார். உதவியாளரிடம் கேட்ட விளக்கம் இப்போது என்னிடம் கேட்கப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன், வாங்க வேண்டியதுதானே. இவளும் நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை. ஆனால் காலையில் வழக்கம்போலப் பின்னால் ஏறிக்கொள்கிறாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறவள் இப்போது ஸ்கூட்டரின் பின்கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள். கேட் வரை ஒரு பேச்சு இல்லை.

"அவதான் ஒண்ணும் சொல்லலையே, நீ ஏன் கிடந்து தவிக்கிற?" என்கிறார் என் கணவர்.

இன்றோடு மூன்று நாள், இன்னும் அவள் கத்தவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.