ஐந்து மா நிலமும் ஒரு பி.ஏ.வும்

தங்கை நீலாயதாட்சியை பி.ஏ. படிக்கவைப்பதற்காக மாரியப்பன் தன் குத்தகை நிலத்தை விட்டுக்கொடுத்தான். மன்னார்குடிக்குக் கிழக்கே, கோரையாற்றை ஒட்டிய பெருங்கரையில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது. கூலி கூட்டிக் கேட்பதற்கும், குத்தகையைப் பதிவு செய்வதற்கும், வெளியேற்ற வந்தால் வரப்பில் படுத்து மறிப்பதற்கும் ஊரில் ஆள் இருந்தது. தானாக ஒதுங்கிக்கொண்டவன் அவன் ஒருவன்தான்.

ஐந்து மா நஞ்சை, ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். அப்பா காலத்திலிருந்து அவர்கள் உழுதது. குத்தகைக்காரனை நினைத்தபடி வெளியேற்றக்கூடாது என்று சட்டம் வந்து, தாலுகா ஆபீசில் மாரியப்பன் பெயரும் ஏறியிருந்தது. நிலத்துக்காரர் மெட்ராஸோடு போய்விட்டார். அவருக்கு நிலத்தை விற்றாக வேண்டும். குத்தகைக்காரன் பெயர் ஏறிய நிலத்தை யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்? அவருடைய காரியக்காரர் பஞ்சநாதம் பிள்ளை அறுப்புக்கு ஒருதரம், நடவுக்கு ஒருதரம் என்று வந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"மனசு வெச்சு ஒதுங்கிக்க மாரியப்பா. வெறுங்கையோட அனுப்ப மாட்டோம்."

"பாக்கலாங்க" என்று மாரியப்பனும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

நீலா பி.யூ.சி. தேறினாள். கும்பகோணத்தில் பெண்கள் கல்லூரியில் பொருளாதாரத்துக்கு இடம் கிடைத்தது. கல்லூரிச் சம்பளத்தில் சலுகை இருந்தது. ஆனால் விடுதியில் மூன்று வருஷம் சாப்பிட வேண்டும், புத்தகம் வாங்க வேண்டும், நாலு பேர் மத்தியில் உடுத்தத் துணி வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு அவளை வளர்த்தது மாரியப்பனும் அவன் மனைவி ரெங்கம்மாளும்தான். அந்தத் தடவை பஞ்சநாதம் பிள்ளை வந்து கேட்டபோது மாரியப்பன் சரி என்று சொல்லிவிட்டான்.

ரெங்கம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். இடுப்பில் நாலு வயசுத் தையல்நாயகி.

"நெலம் போச்சுன்னா நாம என்னங்க செய்யிறது?"

"கூலிக்குப் போவோம். குத்தகை அளந்தது போக இப்ப மட்டும் என்ன மிஞ்சிப்போச்சு?"

"நெல்லு மிஞ்சறதச் சொல்லலை. நம்ம வயலுன்னு சொல்றோமே, அதச் சொல்றேன்."

நீலா கும்பகோணம் புறப்பட்ட அன்று ரெங்கம்மாளே எள்ளுருண்டை பிடித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

மூன்று வருஷம் கழித்து நீலா பட்டத்தோடு திரும்பி வந்தாள். தஞ்சாவூருக்குப் போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தாள். ஊரில் எல்லோரும் அவளுக்கு அடுத்த மாசமே உத்தியோகம் என்றார்கள். அடுத்த மாசம் வந்தது, அடுத்த வருஷம் வந்தது, பதிவைப் புதுப்பிக்கும் நாளும் வந்தது. அவளுக்கு முன்னால் பதிந்தவர்களே மாவட்டம் முழுக்க நிரம்பியிருந்தார்கள்.

மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களும் நிலைக்கவில்லை. படிக்காதவர்கள் பி.ஏ. என்றதும் காபியைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்கள். படித்தவர்கள் கேட்ட சீரைச் செய்ய மாரியப்பனிடம் எதுவும் இல்லை.

ஐந்து மாவையும் வாங்கியவர் உரக்கடைக்காரர் ஒருவர். மாரியப்பன் அதே வயலில் அவரிடம் கூலிக்கு இறங்கினான். மடை எங்கே உடையும், எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று அவனுக்குத்தான் தெரியும் என்பதால் அவரும் அவனையே கூப்பிட்டார். நீலா கஞ்சி கொண்டுபோவாள். வரப்பில் வைத்துவிட்டு, அண்ணனை நிமிர்ந்து பார்க்காமல் திரும்பிவிடுவாள்.

ஒரு சம்பா நடவின்போது அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெண்களோடு வயலில் இறங்கினாள். நாற்றுமுடியை எடுக்கப் போன கையை எல்லையம்மாள் பிடித்துக்கொண்டாள். நடவு ஆட்களைக் கூட்டி வருகிற மூத்தவள் அவள்.

"ஏறு மேல."

"ஏன் சின்னம்மா? நான் நடக்கூடாதா?"

"ஒங்க அண்ணன் நெலத்தை விட்டது நீ நாத்து முடியத் தூக்கறதுக்கா? நம்மள்ல ஒருத்தியாவது சேத்துல எறங்காம இருக்கட்டும். ஏறுடி."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். நீலா வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். படித்த வேலையும் இல்லை, படிக்காத வேலைக்கும் விடமாட்டார்கள் என்றால் அவள் எங்கேதான் போவாள்?

எண்பத்தொன்றில் குறுவை அறுப்பு நேரத்தில் கூலித் தகராறு வந்தது. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் கூலியாகக் களத்தில் அளக்கும் நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். மிராசுதார்கள் வெளியூரிலிருந்து ஆட்களை லாரியில் இறக்கினார்கள். மறியல் நடந்தது. மறுநாள் மத்தியானம் யாரோ ஒருவருடைய வைக்கோல்போர் எரிந்தது. போலீஸ் வந்து தெருவில் இருந்த ஆண்களை வேனில் ஏற்றியது. மாரியப்பன் அப்போதுதான் சோற்றில் கைவைத்திருந்தான். எழுந்து கை கழுவவும் விடவில்லை.

பெண்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். நீலா முன்னால் நின்றாள். இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அறை மூலையில் கம்பிக்குப் பின்னால் அண்ணன் குந்தியிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"எந்த செக்ஷன்ல கேஸ் போட்டிருக்கீங்க சார்?"

"நீ யாரும்மா? வக்கீலா?"

"இல்லைங்க சார். மாரியப்பனோட தங்கச்சி. பி.ஏ. படிச்சிருக்கேன்."

பின்னால் ஒரு போலீஸ்காரர் சிரித்துவிட்டார். நீலாவுக்கு முகம் எரிந்தது. ஆனாலும் அவள் நகரவில்லை. உள்ளே இருந்த ஒவ்வொருவர் பெயரையும் உரக்கச் சொன்னாள். "நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும் இல்லீங்களா? நானும் அங்க வர்றேன். எல்லாரும் இப்ப நல்லபடியா இருக்காங்க, அதப் பாத்துட்டுத்தான் போறேன்" என்றாள். எழுதிக் கொண்டுவந்த மனுவை மேஜைமேல் வைத்தாள்.

"பி.ஏ. படிச்சவ அண்ணனுக்கு நல்ல புத்தி சொல்லக்கூடாதா?" என்றார் இன்ஸ்பெக்டர். மனுவை எடுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் எல்லோரையும் ரிமாண்டு செய்து திருச்சி ஜெயிலுக்கு அனுப்பினார்கள். ஜாமீனில் வெளியே வரும்போது அறுப்பு முடிந்திருந்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் சாட்சியில்லை என்று தள்ளுபடியானது. அந்த ஸ்டேஷனில் கேட்ட சிரிப்பு மட்டும் நீலாவின் காதை விட்டுப் போகவில்லை. அதன்பிறகு யாரிடமும் அவள் தான் பி.ஏ. என்று சொல்லிக்கொள்வதில்லை.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடங்களில் சத்துணவுத் திட்டம் வந்தது. பெருங்கரைப் பள்ளிக்கு நீலாவை அமைப்பாளராகப் போட்டார்கள். அரிசி, பருப்பு இருப்புப் பார்ப்பது, சமையலாளிடம் அளந்து கொடுப்பது, பிள்ளைகள் தலையை எண்ணுவது. சொற்பச் சம்பளம்தான். "இதுக்குப் பத்தாவது போதுமே" என்று ஊரில் பேசியது அவள் காதுக்கும் வந்தது. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

தையல்நாயகி பிளஸ் டூ தேறிய வருஷம் அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளேயே வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ரெங்கம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மாரியப்பன் அப்போதுதான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"தையலை மன்னார்குடி காலேஜ்ல போட்டுடலாம்" என்றான்.

"வேண்டாண்ணே" என்றாள் நீலா.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"டைப்ரைட்டிங் கத்துக்கட்டும். ஒரு கல்யாணத்தைப் பண்ணுங்க. என்னைப் பாத்துட்டுமா காலேஜுன்னு சொல்றீங்க? அஞ்சு மா நெலத்தைக் கொடுத்துப் படிக்கவெச்சீங்க. நான் பள்ளிக்கூடத்துல பருப்பு அளக்கறேன். நீங்க நம்ம வயல்லயே கூலிக்கு நிக்கறீங்க. இன்னொரு தரம் இந்தக் கூத்து வேணாம்."

மாரியப்பன் துண்டால் காதுக்குள் இருந்த தண்ணீரைத் துடைத்தான்.

"ஒன்னு சொல்றேன் நீலா. இத்தனை நாள் சொன்னதில்லை. நீ ஸ்டேஷனுக்கு வந்தியே, அன்னிக்கு எங்களுக்கு முன்னாடியே மேலத்தெரு ஆளுங்களப் புடிச்சு பின்னாடி ரூம்ல வெச்சிருந்தாங்க. அவங்களை அடிச்ச அடியில கலியபெருமாளுக்கு இன்னிவரைக்கும் இடது கை தூக்க முடியலை. அடுத்தது நாங்கதான்னு குந்தியிருந்தோம். நீ வந்து ஒவ்வொருத்தன் பேரா சொன்ன. நாளைக்கு நானும் வர்றேன்னு சொன்ன. நீ போனப்புறம் எங்க மேல ஒருத்தனும் கைவைக்கலை."

நீலா அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணே சொல்லலை?"

"கலியபெருமாள் கையத் தூக்க முடியாம இருக்கறப்ப, நான் அடிபடாம வந்தேன்னு எங்க போயி சொல்றது? ஒன்னாலதான் விட்டாங்களா, அவங்களுக்கே கை ஓஞ்சுபோச்சான்னும் எனக்குத் தெரியாது. ஆனா அங்க குந்தியிருந்தவனுக்கு நீ நின்ன நிப்பு தெரியும்."

"அதுக்கு அஞ்சு மா நெலமாண்ணே?"

மாரியப்பன் சிரித்தான். "ஜாஸ்திதான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். நெலத்தை நெனக்காத நாளில்லை. மழை கொட்டுனா அந்த வயல்ல தண்ணி வடியுமான்னுதான் மொதல்ல தோணுது. அது வேற, இது வேற. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சா எனக்கு நிறுக்கத் தெரியலை."

அதுவரை சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த தையல்நாயகி மெல்லக் கேட்டாள்.

"அத்தை, வேலை கெடைக்குமான்னு எனக்குத் தெரியாது. ஆனா படிக்கணும்னு இருக்கு. ஒங்களுக்கு அங்க எப்படி இருந்துச்சு? நீங்க சொன்னதே இல்லையே."

நீலா வாயைத் திறந்தாள். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. விடுதி மாடியிலிருந்து காவிரிப் பாலம் தெரிந்ததைச் சொன்னாள். நெல் விலை ஏன் அறுப்பு நேரத்தில் சரிகிறது என்று ஒரு டீச்சர் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியபோது, நம் களத்தில் நடப்பதைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்களே என்று புல்லரித்ததைச் சொன்னாள். அதிராம்பட்டினத்துக் கமருன்னிஸா அவளோடு ஒரே அறையில் இருந்ததையும், நோன்பு மாசத்தில் இரண்டு பேரும் விடியலுக்கு முன் எழுந்து படித்ததையும் சொன்னாள். பட்டிமன்றத்தில் நீலா பேசியதற்கு அரங்கமே கைதட்டியதாம். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

ரெங்கம்மாளின் கையில் முறம் நின்றுபோயிருந்தது.

"ஏண்டி நீலா, இத்தனையும் எங்கடி வெச்சிருந்த?"

"எப்படி அண்ணி சொல்றது? நீங்க நெலத்தை விட்டுட்டு இங்க கெடக்கறீங்க. அங்க நான் சந்தோசமா இருந்தேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"சொல்லியிருக்கணும்" என்றாள் ரெங்கம்மாள். "ஒனக்கு வேலை கெடைக்கலைன்னு கூட எனக்கு அவ்வளவா இல்லை. நீ போயிட்டு வந்து மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டே திரிஞ்சியா, அங்கயும் அழுதுக்கிட்டுதான் இருந்தியோன்னு நெனச்சேன். அம்புட்டும் வீணாப் போச்சுன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது."

நீலா எழுந்து போய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெங்கம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி உளுந்தைப் புடைத்தாள். முறத்திலிருந்து பறந்த தூசி நீலாவின் தலையில் படிந்தது. அவள் தட்டிவிடவில்லை.

"அப்ப என்னை அனுப்பறீங்களா, இல்லையா?" என்றாள் தையல்நாயகி.

"ஒங்க அத்தையக் கேளு" என்றான் மாரியப்பன்.

"வேலை கெடைக்கும்னு நான் ஒனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்" என்றாள் நீலா. "படிச்சு முடிச்சுட்டு வீட்ல குந்திக்கிட்டு என்னைத் திட்டக்கூடாது. டைப்ரைட்டிங்கும் சேத்துக் கத்துக்கணும். சரின்னா போ. செலவு என் பொறுப்பு. அண்ணன் ஒன்னும் தரவேணாம்."

அந்த ஆடி மாசம் தையல்நாயகி பி.காம். சேர்ந்தாள். இப்போது பெருங்கரைக்கே காலையில் பஸ் வந்துபோனது. முதல் வாரம் அக்கவுண்டன்ஸி புரியவில்லை என்று முகம் வாடி வந்தாள். இரண்டாவது வாரம் கொஞ்சம் தேவலை என்றாள். நீலாவுக்குத் தஞ்சாவூர் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து எந்த அழைப்பும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்து, சாயங்காலத்தில் அண்ணன் மகளோடு அவளும் புத்தகத்தைப் பிரித்தாள்.

ரெங்கம்மாள்தான் மாறிப்போனாள். சாயங்கால பஸ் வந்து தையல்நாயகி வாசலில் செருப்பை விட்டதும், காபி கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்பாள்.

"இன்னிக்கு என்ன நடத்துனாங்க?"

தையல்நாயகி சொல்லுவாள். பற்று, வரவு, சரக்கிருப்பு என்று விரல்விட்டு விளக்குவாள். ரெங்கம்மாளுக்குப் பாதி புரியும், பாதி புரியாது.

"சரி, அப்புறம்?" என்பாள்.