பெர்சிஸ் நடந்த ஒன்றேகால் கிலோமீட்டர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர் வெள்ளத்துரை. எல்லோருக்கும் அண்ணாச்சி. நான் கேட்டது காதில் விழாமல் தரையில் உட்கார்ந்து, ஓர் அகலப் பலகையின் அடியில் நான்கு சின்னச் சக்கரங்களை முடுக்கிக்கொண்டிருந்தார். யாருக்கு என்றேன்.

"பிள்ளைக்கு சார். ரெண்டு காலும் மாவுக்கட்டுல கிடக்கு."

அடுத்த இரண்டு மூன்று நாளில், ஆணியும் பைப்பும் வாங்க வருகிறவர்களுக்கு நடுவே, அதுவரை நடந்தது முழுவதையும் சொன்னார். எழுதலாமா என்றதற்குத் தலையாட்டினார். ஒரே நிபந்தனை: "அந்த நடக்க வச்ச விஷயத்த மட்டும் விட்டுருங்க."

விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தேன். (மூன்றாம் பகுதியைப் படித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். அந்த வாக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்வேன்.)

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

"கடற்காற்றில் உப்பு மணத்த அந்தக் காலையில்…" வேண்டாம். மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்தால் இங்கே மணப்பது உப்பு இல்லை. அதை எழுத உட்கார்ந்தால் பிள்ளையை மறந்துவிடுவேன்.

"பெர்சிஸ் ஒரு தேவதை…" இல்லவே இல்லை. அண்ணாச்சியின் மகள், ஆறரை வயதில் பள்ளி வேன் டிரைவரின் கையைக் கடித்தவள். அப்பா அம்மாவுக்குத் தெற்கே நாசரேத் பக்கத்துப் பேச்சு, அவளுக்கு அசல் தெருப்பேச்சு. "இன்னா இல்லட்டி, என்ன" என்று அம்மா சுகிர்தம் திருத்தினால், "இன்னாம்மா நீ!" என்பாள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு ஜூன் மாதம் பெர்சிஸ் வலது காலை லேசாக இழுத்து நடக்க ஆரம்பித்தாள். எங்கே வலி என்று கேட்டால் முழங்காலைக் காட்டினாள். சில நாள் வலித்தது, சில நாள் வலிக்கவில்லை. விளையாடும்போது வலிக்கவில்லை, பள்ளிக்கூடம் கிளம்பும்போது வலித்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் முழங்காலைப் படம் எடுத்தார்கள். படம் சுத்தமாக இருந்தது. ஒன்றுமில்லை என்று களிம்பு கொடுத்து அனுப்பினார்கள்.

(இடுப்பில் இருக்கும் நோவு குழந்தைகளுக்கு முழங்காலில் வலியாகத் தெரிவதுண்டாம். இது எனக்கும் தெரியாது. அண்ணாச்சிக்கும் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தால் அடுத்த பகுதியே இல்லை.)

3

ஆகஸ்டில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது: உங்கள் மகள் கால் வலி என்று அழுகிறாள், வந்து கூட்டிப் போங்கள். கடையில் கூட்டம். மூன்று வாரத்தில் நான்காவது தடவை. வெள்ளத்துரை கடையை அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

வாசலில் பெர்சிஸ் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ பிடிக்கலாம். பிடிக்கவில்லை.

"நடந்து வா. நடிப்பெல்லாம் வீடு போறதுக்குள்ள இறங்கிரும்."

ஒன்றேகால் கிலோமீட்டர். ஒரு பக்கம் வரிசையாக நின்ற கண்டெய்னர் லாரிகள், மறுபக்கம் காம்பவுண்டுச் சுவர். அவர் பத்தடி முன்னால் நடந்தார். திரும்பிப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்று திரும்பவில்லை. பின்னால் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு செருப்பு தட்டியது, மற்றது உரசியது. அழுகைச் சத்தம் இல்லவே இல்லை. தான் நினைத்தது சரிதான், நடிப்புத்தான் என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டு வாசலில் திரும்பினார். சுவரைத் தேய்த்துக்கொண்டே வந்ததில் பிள்ளையின் உள்ளங்கை சிராய்த்திருந்தது. முகமெல்லாம் வியர்வை.

"நல்லா நட்ந்தனாப்பா?" என்று கேட்டாள்.

4

அன்றைக்கே சுகிர்தம் அவளைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். "நீங்க வந்தா வாங்க, வராட்டி போங்க." அவரும் ஓடினார். அங்கிருந்த டாக்டரம்மா முழங்காலைத் தொடவே இல்லை. தொடையை விரித்துப் பார்த்து, இடுப்பைப் படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "பெர்த்தஸ்" என்றார்.

"பெர்சிஸ், மேடம்" என்று வெள்ளத்துரை திருத்தினார்.

"இல்லைங்க, நோயோட பேரு பெர்த்தஸ்."

(இது நான் ஜோடித்தது என்று நினைப்பீர்கள் என்பதால் பிள்ளையின் பெயரை மாற்றிப் பார்த்தேன். ஜாய்ஸ் என்று வைத்து ஒரு பக்கம் எழுதினேன். ஜாய்ஸ் ரொம்ப நல்ல பிள்ளையாக இருந்தாள். யாரையும் கடிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.)

டாக்டரம்மா சொன்னதன் சுருக்கம்: தொடை எலும்பின் உச்சியில் ஒரு பந்து இருக்கிறது. அது இடுப்புக் குழியில் உட்கார்ந்து சுழல்கிறது. சில குழந்தைகளுக்கு அந்தப் பந்துக்குப் போகிற ரத்தம் நின்றுபோகிறது. ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. பந்து செத்து மெத்தென்று ஆகி நசுங்குகிறது. பிறகு ரத்தம் தானாகவே திரும்பி வந்து, எலும்பு புதிதாக வளர்கிறது. மூன்று வருஷம், நான்கு வருஷம் ஆகலாம். அதுவரை பந்து குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் உருண்டையாக வளரும். இல்லாவிட்டால் கோணல்தான். குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது. முதலில் ஆறு வாரம் மாவுக்கட்டு.

இரண்டு காலையும் அகல விரித்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை கட்டி, நடுவே ஒரு கோல் வைத்துவிட்டார்கள். ஆட்டோவுக்குள் போகவில்லை. கடைக்குப் பைப் ஏற்றுகிற பக்தவச்சலம் தன் மூன்று சக்கர மீன்பாடி வண்டியோடு வந்து நின்றார்.

"ஆட்டோல எப்டி நைனா ஏத்துவ? காலு ரெண்டும் வெளிய நீட்டிகினு கீது. நம்ம வண்டில மெத்தைய போடு. ராணி மாறி இட்டுகினு போறேன்."

ராணி அப்படித்தான் ஊர்வலம் வந்தாள். வழியில் சிக்னலில் நின்றவர்களுக்கெல்லாம் கை காட்டினாளாம்.

5

கட்டுப் போட்ட இரண்டாவது வாரம்தான் நான் தாழ்ப்பாள் கேட்டுப் போனது. பலகை அன்றே தயாராகிவிட்டது. குப்புறப் படுத்துக் கையால் தரையைத் தள்ளினால் ஓடும். முதல் தடவை பெர்சிஸ் முன்னறையிலிருந்து ஒரே தள்ளில் சுவர்வரை போனாள். இரண்டு வாரமாக வீட்டில் கேட்காத சிரிப்பு. சுகிர்தம் கத்திக்கொண்டே சிரித்தாள்.

நான்காம் நாள் பெர்சிஸ் பலகையோடு அடுப்படிக்குள் வேகமாக நுழைந்தாள். தலை நுழைந்தது, தோள் நுழைந்தது. விரித்திருந்த கால்கள் கதவு நிலையின் இரண்டு பக்கமும் மோதின. வலது கட்டு முழங்காலருகே விரிசல் விட்டது.

மறுபடி மீன்பாடி வண்டி. டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தை நான் எழுத்தில் கொண்டுவர முயன்று தோற்றேன். "யார் செஞ்சது இது?" என்று தொடங்கினார். அண்ணாச்சி எழுந்து நின்று வாங்கிக்கொண்டார்.

"எங்கப்பாவ திட்டாத!" என்று படுத்தபடியே பெர்சிஸ் கத்தினாள். அந்த இடத்தில் அவர் உடைந்துபோனார். கேட்காமலே ஆகஸ்டு மாதத்தைச் சொன்னார். பத்தடி முன்னால் நடந்ததைச் சொன்னார்.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அதனால வந்ததில்லைங்க. அதுக்கு முன்னாடியே வந்துருச்சு. ஒரு நாள் நடந்ததால எலும்பு நசுங்காது."

"சரி மேடம்" என்றார். நம்பவில்லை.

புதுக் கட்டோடு வீடு திரும்பும்போது மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து மகளிடம் பேசினார். "அன்னைக்கு அப்பா உன்ன நடக்க வச்சது தப்பு மக்கா."

அவள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வேணும்னேதான் அயுவல. அயுதா நீ அதுவும் நடிப்புன்னு சொல்லுவ."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"இப்ப அயுவட்டா?" என்று கேட்டாள்.

"அழு மக்கா."

முகத்தைக் கோணிக்கொண்டு முயன்று பார்த்தாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதது அப்பாதான். பக்தவச்சலம் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை மெதுவாக ஓட்டினார்.

மறுநாள் என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, "அந்த விஷயத்தையும் எழுதிருங்க சார்" என்றார். ஏன் என்று கேட்டேன். "இன்னொரு அப்பன் படிப்பாம்லா."

6

எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) பள்ளி விளையாட்டு விழாவில் பெர்சிஸ் ஓடி முதலாவதாக வருகிறாள். (அண்ணாச்சி படித்துவிட்டு, "கேக்க நல்லாருக்கு, ஆனா நடக்கலையே" என்றார்.)

ஆ) முப்பது வயதில் இடுப்பு தேய்ந்து, ஆபரேஷனுக்காக… (சுகிர்தம் இதை முழுக்கப் படிக்கவில்லை. தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.)

இ) பெர்சிஸ் சொன்னது: "எத்தினி பக்கம் எய்துவ? போதும், நிறுத்திக்க."

நடந்தது இவ்வளவுதான். கட்டுகள் போயின. அதன்பின் பல மாதம் இரவில் காலில் மாட்டிக்கொள்ளும் பட்டைகள், அவையும் போயின. படி ஏறும்போது இன்னும் கொஞ்சம் சாய்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு படம். கடைசிப் படத்தில் பந்தின் ஓரத்தில் புது எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. உருண்டையா கோணலா என்பது வளர்ந்து முடித்த பிறகுதான் தெரியும் என்கிறார் டாக்டரம்மா. எனக்கு அதற்கு முன்னால் தெரிய வழியில்லை. தெரிந்ததுபோல் எழுதவும் மனமில்லை.

இதை எழுதும்போது பெர்சிஸுக்கு ஒன்பது வயது. நீங்கள் படிக்கும்போது எத்தனை என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். நான் நிறுத்திய இடத்துக்கும் நீங்கள் படிக்கிற இடத்துக்கும் நடுவே அந்த எலும்பு கொஞ்சம் வளர்ந்திருக்கும்.