ஹெட்போனைக் கழற்றிய பிறகு

ஊரில் அவரை வெடிவாயர் என்றுதான் சொல்வார்கள். டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்த வானொலி நிலையத்தில் தினமும் மாலை விளையாட்டு நிகழ்ச்சி நடத்துகிறவர். உள்ளூர்க் கால்பந்து அணி தோற்றால் கிழிகிழி என்று கிழிப்பார். ஜெயித்தால், இன்னும் இரண்டு கோல் போட என்ன கேடு என்று கிழிப்பார். நடுவரில் தொடங்கி மைதானத்துக்குத் தண்ணீர் விடுகிறவர் வரை யாரும் தப்பியதில்லை. அணியின் பயிற்சியாளர் அவருடைய சொந்த மச்சினன், மனைவியின் தம்பி. அவருக்குத்தான் பூசை அதிகம். சொந்தக்காரன் என்றுகூடப் பார்க்காத மனிதர் என்று ஊர் மெச்சியது. அந்த மெச்சலில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

"என் தம்பியைத் திட்டலேன்னா உங்களுக்குத் தூக்கம் வராதா?" என்பார் மனைவி.

"வீடு வேற, மைக் வேற" என்பார் இவர்.

ஊருக்குத் தெரியாத ஒன்று உண்டு. திட்டி முடித்துப் பாட்டுப் போட்டதும் ஸ்டூடியோ ஃபோன் அடிக்கும். மச்சினன்தான். "சாப்பிட்டீங்களா மாமா?" என்று ஆரம்பிப்பார். அக்காவின் முழங்கால் வலி, மகளின் பரீட்சை எல்லாம் பேசி முடிக்கவும் பாட்டு முடியவும் சரியாக இருக்கும். இதற்கு ஒரே சாட்சி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரும் ஒலிப்பொறியாளர் அம்மா. வெடிவாயர் ஹெட்போனைக் கழற்றினால் அந்த அம்மா மைக்கை மூடிவிடுவார். இத்தனை வருடத்தில் வெடிவாயர், ஹெட்போனைக் கழற்றினால் மைக் தானாக மூடிக்கொள்ளும் என்றே நம்பத் தொடங்கியிருந்தார்.

இறுதி ஆட்டத்தில் அணி பெனால்டியில் தோற்ற மறுநாள், அந்த அம்மா பல் பிடுங்கப் போயிருந்தார். வெடிவாயரே எல்லாப் பொத்தானையும் பார்த்துக்கொண்டார்.

"மூளை இருக்கிறவன் பெனால்டிக்கு முன்னால கோல்கீப்பரை மாத்துவானா?" என்று முழங்கிவிட்டுப் பாட்டைப் போட்டார். ஹெட்போனைக் கழற்றினார். மைக் திறந்திருந்தால் அறையின் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். அது ஊமையாகத்தான் இருந்தது. அதன் அர்த்தம் உறைக்காமல், அப்பாடா, அமைதி என்று ஃபோனை எடுத்தார்.

"மனசை விட்டுடாத மாப்ள. நீ செஞ்சது சரிதான். அந்தப் பையனுக்குக் கால் பிசகிருச்சு, நானே பார்த்தேன். என்ன பண்றது, திட்டினாத்தானே கேக்கறாங்க?"

பாட்டோடு சேர்த்து ஊரே இதைக் கேட்டது.

மறுநாள் காலை மருந்துக் கடைக்காரர், "எங்க காதுல நல்லாப் பூ சுத்தினீங்க சார்" என்றார். வீட்டில் மனைவி பேசவே இல்லை. நிலைய இயக்குநர் நிதானமாகப் பேசினார். "இன்னைக்கு ஒரு நாள் உக்காருங்க. நேயர்கள் ஃபோன் வந்தாப் பாப்போம். வரலேன்னா நாளையிலேர்ந்து அந்த நேரத்துக்குப் பாட்டுப் போட்டுக்கறேன்."

மாலை வெடிவாயர் உட்கார்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பொறியாளர் அம்மா வீங்கிய கன்னத்தோடு இருந்தார். தினமும் எரியும் ஃபோன் விளக்குகளில் ஒன்றுகூட எரியவில்லை. வெடிவாயருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. வாயைத் தவிர வேறெந்தத் தொழிலும் தெரியாத மனிதர்.

ஒரு விளக்கு எரிந்தது.

"மூளை இருக்கிறவன் மைக்கைத் திறந்து வச்சுட்டுக் குடும்பக் கதை பேசுவானா?" என்றது மச்சினனின் குரல். தினமும் திட்டு வாங்கியது வீண்போகவில்லை; ஏற்ற இறக்கம் உட்பட அப்படியே வந்தது. "கால் பிசகினது தெரிஞ்சும் ஊர் முன்னாடி என்னை முட்டாளாக்கினீங்க. இத்தனை வருஷமும் விளையாட்டாத்தான் எடுத்துக்கிட்டேன். இது வலிச்சுது."

வெடிவாயர் மைக்கைக் கிட்டே இழுத்தார். "தப்புதான்" என்றார்.

அந்த மைக் வழியாக இந்தச் சொல் போவது இதுவே முதல் முறை. பலகையில் மளமளவென்று எல்லா விளக்குகளும் எரிந்தன. அவரைத் திட்ட ஊரே வரிசையில் நின்றது. இயக்குநர் கதவைத் திறந்து விளக்குகளைப் பார்த்தார், சாத்திக்கொண்டு போனார்.

வெடிவாயர் வேர்வையைத் துடைக்க ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மேஜையிலிருந்த ஃபோனைக் காதில் வைத்தார்.

இன்னும் இணைப்பில் இருந்த மச்சினனுக்கு மூச்சு வாங்கியது. பிறகு பழக்க தோஷத்தில், "சாப்பிட்டீங்களா மாமா?" என்றார்.

ஒலிப்பொறியாளர் அம்மாவின் கை மைக்கை மூடப் போனது. வெடிவாயர் கண்ணாடி வழியே வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இல்ல மாப்ள" என்றார் ஊரறிய. "உங்க அக்கா நேத்துலேர்ந்து எனக்கு ஆக்கிப் போடல."