மலை ஏறிய ரயில்

பஸ் டிரைவர் இறந்த மறுமாதம், அவர் மனைவி பல் டாக்டருக்கு போன் செய்தார். "அவரோட ரயிலை ஓட்டிப் பாக்கணும்போல இருக்கு. வர்றீங்களா டாக்டர்?"

டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். பொம்மை ரயில் பித்துதான் அவரையும் டிரைவரையும் கூட்டாளிகளாக்கியது. டிரைவர் வீட்டு மாடியறையில் பலகை மேல் மலை, பாலம், சுரங்கம் எல்லாம் இருவரும் சேர்ந்து கட்டியவை. ஆனால் மலை வளைவில் ரயில் ஒருமுறைகூட ஏறியதில்லை. "எந்த மலையிலயும் பஸ்ஸை ஏத்திடுவேன் டாக்டர். இந்தப் பொடிசு என் மானத்தை வாங்குது" என்று டிரைவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

டாக்டர் பல் பார்க்கும் கண்ணாடியைத் தண்டவாளத்துக்கு அடியில் நீட்டினார். ஓரிடத்தில் மயிரிழைப் பள்ளம். சொத்தைப் பல்லை அடைக்கும் சிமெண்டால் அதை அடைத்தார்.

காய்ந்ததும் அந்த அம்மா விசையைத் திருகினார். எஞ்சின் வளைவில் திணறியது, முக்கியது, ஏறிவிட்டது. சுரங்கத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது.

"பாத்தீங்களா டிரைவர்" என்று காலி நாற்காலியிடம் சொல்லிவிட்டு டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவர் இருந்திருந்தா இந்நேரம் ஊரையே கூட்டியிருப்பாரு." அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இன்னும் ரெண்டு பெட்டி மாட்டுங்க டாக்டர்."