மூன்றரை மணி போன்

“மன்னிச்சிருங்க, அப்பா இனிமே வரமாட்டார். தவறிட்டார்.”

காலையிலிருந்து ஒன்பதாவது முறையாக மகள் இதைச் சொன்னாள்.

“ஐயோ, முந்தாநாள்கூடப் பேசினாரேம்மா! நல்ல மனுஷன்...” எதிர்முனைக் குரல் தயங்கியது. “அப்ப என் மெஷின்ல தண்ணி அப்படியே நிக்குதே, யாரைக் கூப்பிடுறது?”

வாஷிங் மெஷின் மெக்கானிக் வீட்டில் சாவு விழுந்தால் இப்படித்தான். ஊர்த் துணி ஊறிக்கொண்டிருக்கும், பொறுக்காது. நேற்று மத்தியானம் யார் வீட்டிலோ மெஷினைச் சாய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இப்போது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு வண்டி.

அப்பாவின் போனைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அத்தைதான் இவள் தலையில் கட்டினாள். “கையில வேலை இருந்தா மனசு கண்டபடி ஓடாதுடி.”

ஓடுவதற்கு மனசு என்று ஒன்று இருந்தால்தானே! மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லை. வேலையை விட்டுவிட்டாள். இருந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு பட்டப்பகலிலும் வந்து பக்கத்தில் உட்கார ஆரம்பித்திருந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை. போக நினைத்தவள் இங்கே இருக்க, அவர் எப்படிப் போனார்? ஆள் மாறிப்போய்விட்டது என்றே தோன்றியது. அழுகை வரவில்லை.

மூன்றரைக்கு மறுபடி போன்.

“அப்பா தவறிட்டாருங்க. உங்களுது என்ன மெஷின்?”

எதிர்முனையில் ஒரு பெண்ணின் குரல். “மெஷின் இல்லம்மா. கேட்கவே ரொம்ப வருத்தமா இருக்கு. நீங்க அவர் பொண்ணா?”

“ஆமா.”

“மனநல அவசர உதவி எண்ணுலேருந்து பேசுறேன். இன்னிக்கு இந்த நேரத்துக்குக் கூப்பிடச் சொல்லியிருந்தார். பொண்ணு எடுத்தா மறைக்காம சொல்லுங்கன்னும் சொன்னார்.”

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்பாவுக்கு என்ன? நெஞ்சுவலின்னுதானே சொன்னாங்க? வேற ஏதாவது...”

“இல்லம்மா, இல்ல. உங்களைப் பத்திதான் பேசினார். மூணு தடவை. பொண்ணுகிட்ட என்ன கேக்கணும், ஒண்ணொண்ணா சொல்லுங்க, எழுதிக்கிறேன்னார். தனியா விடாதீங்க, கிட்டவே இருங்கன்னு சொன்னோம்.”

கிட்டவே! ஒரு வாரமாகக் கடையை மூடிவிட்டு, இவள் அறை வாசலில் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு டொக்டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தாரே. “கடையில இடமில்லையா? ஏம்ப்பா உயிரை வாங்குறீங்க?” என்று கத்தினாள். அவர் சுத்தியலில் துணியைச் சுற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். நேற்றுகூட அத்தையை வரவழைத்து உட்காரவைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

எப்போது கண்டுபிடித்தார்? “சாப்பிட்டியா?” என்பதைத் தவிர வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் இவள் சொல்லியிருப்பாளா? தெரியவில்லை. கோபம் பொங்கியது, யார்மேல் என்றும் தெரியவில்லை.

“லைன்ல இருக்கீங்களாம்மா? நேரடியாவே கேக்குறேன். உயிரை விட்டுடலாம்னு உங்களுக்குத் தோணுதா?”

மகள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

கூடத்திலிருந்து அத்தை கத்தினாள். “வண்டி முன்னாடியே வந்தாச்சு! சாவு வீட்டுக்குப் போன் போட்டு மெஷினைப் பத்தி நோண்டுறது யாருடி? வை போனை!”

“வைக்க மாட்டேன் அத்தை.” மகளுக்குக் குரல் உடைந்தது. “இது எனக்கு வந்த போன்.”

அத்தை உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் வாசலுக்குப் போய், வண்டிக்காரரைக் கொஞ்ச நேரம் நிற்கச் சொன்னாள்.