முன் பிரேக்கைப் பிடித்திருந்தவள்

1

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. எனக்குச் சொன்னவள் என் மனைவி, கணக்கு டீச்சர். கதையில் வரும் மெக்கானிக் என் முன்னாள் மனைவி. முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். கடைசிவரை மூடி வைத்து உங்களை அசத்தும் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

மோட்டார் சைக்கிள் எங்கள் மூவரையும்விட வயதில் மூத்தது. நாங்கள் பிரிந்தபோது வண்டி எனக்கு வந்தது, ஸ்பேனர் பெட்டி அவளோடு போனது. இப்போது அதில் பள்ளிக்கூடம் போய் வருகிறவள் டீச்சர். போன வாரம் முன் பிரேக் பிடிக்காமல், ஒரு காரின் முதுகில் முட்டப் போய் மயிரிழையில் தப்பினாள். நான் "பாக்கலாம், பாக்கலாம்" என்றேன். அவள் காத்திருக்கவில்லை. பின் பிரேக்கை நம்பி, உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு, நேரே என் முன்னாள் மனைவியின் பட்டறைக்கே போய்விட்டாள்.

2

முதல் தொடக்கம்: வாசலில் அந்த வண்டியைக் கண்டதும் மெக்கானிக்கின் வயிறு பற்றி எரிந்தது. கையிலிருந்த ஸ்பேனர்—

(இந்த வரியை அடித்துவிட்டேன். டீச்சர் படித்துவிட்டுச் சிரித்தாள். "எரியவெல்லாம் இல்லைங்க. டீ குடிச்சிட்டிருந்தாங்க.")

இரண்டாவது தொடக்கம்: தன் வண்டியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவள் முகம்—

(இதுவும் தேறாது. அவள் முதலில் பார்த்தது முன் சக்கரத்தையாம். டீச்சரை அப்புறம்தானாம்.)

3

சரி, நடந்ததை நடந்தபடி.

"நான் யாருன்னு தெரியுதாக்கா?" என்றாள் டீச்சர்.

"வண்டி தெரியுது. இறங்குங்க."

மெக்கானிக் லீவரை அழுத்திப் பார்த்தாள். அது கைப்பிடியிலேயே போய் முட்டியது. கேபிள் திருகை இரண்டு சுற்று இறுக்கினாள். லீவர் கெட்டியானது. டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். மெக்கானிக் அவளை விடவில்லை.

"இப்படியே போனா கைக்குத்தான் நல்லாருக்கும், வண்டி நிக்காது. சக்கரத்து டிரம்முக்குள்ள, உரசி நிறுத்தற ஷூ ரெண்டு இருக்கு. ஒண்ணுதான் உரசுது. இன்னொண்ணு சும்மா வேடிக்கை பாக்குது."

(இதைச் சொல்லும்போது டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.)

மெக்கானிக் நினைத்திருந்தால் இங்கே கைகழுவியிருக்கலாம். கேட்க ஆளில்லை. பொறாமைக்காரி என்றால் அப்படித்தான் செய்திருப்பாள். 'போதும், எடுத்துட்டுப் போங்க' என்று நானும் ஒருமுறை எழுதிப் பார்த்தேன். பேனா அடுத்த வரிக்கு நகர மறுத்தது. ஒரு நட்டைக்கூட அரைகுறையாக விட்டவள் இல்லை அவள்.

இரண்டு ஷூவையும் இணைக்கும் கம்பியைக் கழற்றினாள். ஒவ்வொன்றும் எங்கே உரசத் தொடங்குகிறது என்று தனித்தனியாகப் பார்த்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் தொடும்படி கம்பியின் நீளத்தைத் திருகித் திருகிச் சரிசெய்தாள். பிறகு சக்கரத்தின் பெரிய நட்டைத் தளர்த்தினாள்.

"இனிமே ரெண்டு பேர் வேலை. நான் சக்கரத்தைச் சுத்திவிடறேன். சொன்னதும் லீவரை இறுக்கிப் பிடிச்சுக்கங்க. நட்டை முடுக்கி முடிக்கிறவரைக்கும் விடக் கூடாது. விட்டா ஷூ நடுவுல உக்காராது."

4

அந்த லீவரைப் பிடிப்பது அப்போதெல்லாம் என் வேலை. ஏழு வருஷம். வேறெதையும் அவள் என்னைத் தொட விட்டதில்லை. (நான் கேட்டதும் இல்லை. இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.)

சக்கரம் சுற்றியது. டீச்சர் பிடித்தாள். விரல் மூட்டெல்லாம் வெளுத்துப் போகும்படி பிடித்தாளாம்.

"விட்டுடாதீங்க."

"விடலக்கா."

"இன்னும் கொஞ்சம். பிடி, பிடிச்சுக்கோ… அவ்ளோதான். விடும்மா."

(கவனித்தீர்களா? 'விட்டுடாதீங்க' என்று ஆரம்பித்தவள் 'விடும்மா'வில் வந்து நிற்கிறாள். என்னை 'நீ' என்று கூப்பிட அவளுக்கு எட்டு மாதம் ஆனது. இவளுக்கு ஒரு நட்டை முடுக்கும் நேரம் போதுமாயிருந்தது.)

மெக்கானிக் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாளாம்: "நல்லாப் பிடிச்சே. அவரு பாதியிலயே கையை எடுத்துடுவாரு."

துணி மடித்துக்கொண்டே, ஊர்ச் சேதி போல டீச்சர் இதை என்னிடம் சொன்னாள். நான் ஒரு தலையணை உறையை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

"அதைச் சொல்லும்போது சிரிச்சாளா?"

"யாரு?"

"அவதான்."

"ரெண்டு பேரும்தான் சிரிச்சோம்."

5

முடிவு, ஒன்று: டீச்சர் போனதும் மெக்கானிக் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, யாருக்கும் கேட்காமல் அழுதாள். (இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.)

முடிவு, இரண்டு: 'இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன்' என்று டீச்சர் என்னிடம்—

சொல்லவில்லை. இன்று காலை மறுபடியும் கிளம்பிவிட்டாள்.

"செயின் தொங்குதுன்னு அக்கா வரச் சொன்னாங்க."

"நானும் வரேன்."

"நீங்க எதுக்கு?"

ஊருக்கெல்லாம் வசனம் எழுதுகிறவன். போய் வாசல் கேட்டைத்தான் திறந்துவிட்டேன். அவள் ஒரு நொடி பார்த்துவிட்டு, உதைத்துக் கிளப்பிப் போனாள்.

தெருமுனையில் வண்டி நின்றது. வழுக்காமல், கிறீச்சிடாமல், நூல் பிடித்தாற்போல நின்றது. எதிரே வந்தவருக்கு வழிவிட நின்றாளா, திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொள்ள நின்றாளா என்று கேட்டுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியவில்லை. நான் பேனாவை மூடிவிட்டேன். அந்த முனைக்கு என்னைவிட நீங்கள்தான் பக்கம். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்து சொல்ல மட்டும் வேண்டாம்.