இரண்டாவது டியூப்

பரிசோதனைக் கூடத்தில் அவனுக்குக் கைராசிக்காரன் என்று பெயர். பச்சைக் குழந்தைக்கும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவான். ஊரார் கையையெல்லாம் குத்துகிற மகராசன், தன் கையை நீட்ட வேண்டிய அன்று மட்டும் கோழையாகிவிட்டான்.

மகள் சிட்டுவுக்கு இரண்டு வயதில் இருபது சொல் தெரியும். மூன்று வயதில் ‘அப்பா’கூடப் போய்விட்டது. நடக்கும்போதே கால் மடங்கி விழுந்தாள். ஒரு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்றார்கள்.

“புதுசா பாப்பாகிட்டயே வந்திருக்கலாம். இல்ல, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்டருந்து வந்திருக்கலாம்,” என்றார் டாக்டரம்மா. “சிலர் உடம்புல அது சும்மா கிடக்கும். பிள்ளைக்குப் போனாதான் வேலையக் காட்டும். உங்க ரத்தத்தையும் பாத்துடுவோம்.”

அவனுடைய பெரியப்பா மகன் ஒருவன் பேசாமல், நடக்காமல் பதினோரு வயதில் போய்ச் சேர்ந்திருந்தான். கல்யாணம் பேசும்போது அதை எல்லோரும் அமுக்கிவிட்டார்கள். இவனும் வாயைத் திறக்கவில்லை.

மனைவிக்கு அவனே ரத்தம் எடுத்தான். இரண்டு டியூப் நிரப்பினான்.

“எதுக்குங்க ரெண்டு?”

“ஒண்ணு உடைஞ்சா?”

இரண்டாவது டியூபில் தன் பெயரை ஒட்டினான். கூடத்தில் அந்த ஓர் எழுத்தைத்தான் பார்ப்பார்கள், ரத்தம் யாருடையது என்று பார்க்கமாட்டார்கள். தொழில் தெரிந்தவன் செய்த திருட்டு, பாவி!

இருவரிடமும் இல்லை என்று முடிவு வந்தது. மாதக்கணக்கில் தன்னையே திட்டிக்கொண்டிருந்தவள் அன்று வாய்விட்டு அழுதாள். “நம்ம மேல தப்பில்லைங்க. இன்னொண்ணு பெத்துக்கலாம்,” என்றாள். பெற்றுக்கொள்ளத் துணிந்தும்விட்டாள்.

அவள் வயிறு தெரிய ஆரம்பித்த பிறகுதான் இவனுக்குத் தூக்கம் போயிற்று. வேறொரு கூடத்துக்குப் போய்க் கையை நீட்டினான். நேற்றுத் தாள் வந்தது. அவனிடம் இருந்தது. வயிற்றில் இருப்பதற்கும் அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

அந்தப் பையோடுதான் இன்று டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“பனிக்குட நீரை எடுத்துப் பாத்தா தெரிஞ்சுடும். ஆனா ஊசியால கரு கலையற ஆபத்து கொஞ்சம் உண்டு. உங்களுக்கு இல்லாததால கட்டாயமில்ல. இனி தள்ளிப்போட முடியாது. என்ன சொல்றீங்க?”

“ஊசி வேணாம் டாக்டர்,” என்றாள் மனைவி. “ரெண்டு பேருக்கும் இல்லையே. இவரே தன் கையால எடுத்த ரத்தம். தப்பு வருமா?”

டாக்டரம்மா அவன் பக்கம் திரும்பினார். “நீங்க?”

இப்போதாவது சொல்லடா என்று உள்ளே ஏதோ கத்தியது. சொன்னால் இவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

“அவ சொல்றதுதான்,” என்றான்.

பரிசோதனை வேண்டாம் என்ற படிவத்தில் முதலில் அவன் கையெழுத்துப் போட்டான். அவள் பேனாவை வாங்கி, சிரித்துக்கொண்டே, அவன் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.